அமைதி நீர் அமைத்த பொறியாளர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் பக்கம் மாலை வேளையில் உலாவச் சென்ற நண்பர்கள், கரை மணலில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய மரப்படகு ஒன்றையேனும் கண்டிருப்பார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கடற்கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகளே பெருகிவிட்டன. மரப்படகு அரிதாகிவிட்டது. ஆயினும் மரப்படகைப் பழுது பார்க்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வேலை செய்வதை நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பழைய படகு என்றவுடன் அவர்கள் அதை விறகுக்கு அனுப்புவதில்லை. முதலில் பலகை பலகையாகத் தட்டிப் பார்க்கின்றனர். எந்தப் பலகை உளுத்தது, எது இன்னும் உறுதியாக உள்ளது என்று ஓசையாலேயே அறிகின்றனர். கெட்ட பலகையை மட்டும் கழற்றிப் புதியது பொருத்துகின்றனர். இடுக்குகளில் பஞ்சும் கயிற்று நாரும் திணித்துக் கலப்பற்று செய்து, எண்ணெய் பூசுகின்றனர். பத்து நாளில் அப்படகு மீண்டும் கடலில் மிதக்கிறது!

இதே கண்ணோடு ஒரு துறைமுகத்தைப் பார்த்தவரும், இதே கண்ணோடு ஒரு மனிதரைப் பார்த்தவருமான ஒரு பொறியாளரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன். கணித மாணவர்களாகிய நாம் அவர் பெயரைச் சீனிவாச இராமானுசனின் வரலாற்றில் ஓரிரு வரிகளில் படித்துவிட்டுக் கடந்து விடுகிறோம். அவர்தாம் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சென்னைத் துறைமுகத்தின் தலைவராக 15 ஆண்டுகள் விளங்கியவர். சென்னையில் சிறு பாய்மரப் படகு ஓட்டும் கலைக்கு ஒரு சங்கம் கண்டவர். இராமானுசன் கடல் கடந்து செல்லத் துணை நின்றவர். இம்மூன்று பணிகளையும் இணைக்கும் நூல் ஒன்று உண்டு. அது யாது என்பதைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

பிரான்சிஸ் ஜோசப் எட்வர்டு ஸ்பிரிங் 1849-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். டப்ளின் நகரத்து டிரினிடி கல்லூரியில் பயின்றார். 1870-ஆம் ஆண்டு, தம் 21-ஆம் வயதில், இந்திய அரசின் பொறியியல் பணியில் சேர்ந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே கடல்வழி சுருங்கியது, கப்பல்கள் பெருகின, உள்நாட்டில் இருப்புப் பாதைகள் நாலாபுறமும் நீண்டன. இளம் பொறியாளர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

ஸ்பிரிங் பெரும்பாலும் இருப்புப் பாதைப் பணியிலேயே தம் நடுவயதுவரை கழித்தார். கிழக்குக் கடற்கரை இருப்புப் பாதைத் தொடர்பான பணிகளில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்திய ஆறுகளின் மேல் பாலம் கட்டுவதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. நம் காவிரிக் கரையினருக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. ஆறு ஓரிடத்தில் நிலைத்து ஓடாது. வெள்ளத்திற்கு வெள்ளம் தடம் மாறும். பாலத்தைக் கட்டி முடித்த பின் ஆறு பாலத்தை விட்டு விலகி வேறு வழியே ஓடினால் என்ன செய்வது? ஆற்றை எதிர்த்து நிற்காமல், இருபுறமும் வழிகாட்டும் கரைகளை அமைத்து, அதன் போக்கையே மெல்லத் திருப்பும் முறையைப் பொறியாளர்கள் கண்டறிந்தனர். அம்முறையைப் பற்றி ஸ்பிரிங் எழுதிய விரிவான நூல் 1903-இல் வெளிவந்தது. நீரோடு போரிடுவதைவிட நீரின் போக்கை அறிந்து இடம் கொடுப்பதே மேல் என்பது அவர் 30 ஆண்டுப் பணியில் கற்ற பாடம். அப்பாடம் பின்னர் கடலிலும் அவருக்குக் கை கொடுத்தது.

துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டினம்

ஸ்பிரிங் சென்னைத் துறைமுகப் பொறுப்பை ஏற்ற கதையைச் சொல்லுமுன், அத்துறைமுகத்தின் முற்கதையைச் சிறிது கூற வேண்டும்.

சோழ மண்டலக் கடற்கரை நெடுகிலும் இயற்கைத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. காரைக்காலும் அதற்கு விலக்கன்று. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நம் ஊரிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டில் ரெயூனியன் முதலான தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக மக்கள் கப்பலேறிச் சென்றனர் என்பதை நாம் அறிவோம். அக்காலக் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தொலைவில் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலை மடியும் பகுதி ஒன்று உண்டு. அதைக் கடப்பதே பெரும்பாடு.

சென்னையிலும் அதே நிலைதான். அங்கே அலைகளைக் கடக்கப் பயன்பட்டது மசூலாப் படகு. ஆணி ஒன்றும் அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. இரும்பு ஆணியடித்த கப்பற்படகு அலையில் மோதினால் உடைந்து போகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துப் பிழைக்கும். கயிறு நைந்தால் தையலைப் பிரித்து மீண்டும் தைத்துக் கொள்ளலாம். கவர்னரானாலும் கம்பெனிச் சரக்கானாலும் அந்தத் தைத்த படகில் ஏறித்தான் சென்னைக் கரையை அடைய வேண்டும். நம் கடலோடிகளின் அறிவு அத்தகையது!

இருப்பினும் வணிகம் பெருகப் பெருக இம்முறை போதவில்லை. 1861-இல் கடலுக்குள் நீண்ட ஓர் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. பின்னர் 1875-இல் உண்மையான துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினர். கரையிலிருந்து இரண்டு கற்சுவர்கள் கைகளைப் போல் கடலுக்குள் நீண்டு, கிழக்கே ஒரு வாயில் மட்டும் விட்டு, நடுவில் உள்ள நீரை அணைத்துக் கொள்வதாக அமைப்பு. வேலை முடியும் தறுவாயில், 1881-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வீசிய கடும் புயல் அச்சுவர்களை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டத் தொடங்கி, அந்நூற்றாண்டின் இறுதியில்தான் ஒருவாறு முடித்தனர்.

முடித்தும் பயனில்லை. கிழக்கு நோக்கிய வாயிலின் வழியே வங்கக் கடலின் பேரலைகள் நேராக உள்ளே நுழைந்தன. துறைமுகத்திற்குள் நின்ற கப்பல்களும் தொட்டிலைப் போல் ஆடின. போதாக்குறைக்குக் கடலோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் நகரும் மணல் அவ்வாயிலைத் தூர்க்கத் தொடங்கியது. இருபெரும் முயற்சிக்குப் பின்னும் பயன் தராத துறைமுகம் என்று பலரும் அதைக் கைவிட எண்ணியதில் வியப்பில்லை.

பழுது பார்த்த பெருந்தகை

இந்நிலையில், 1904-ஆம் ஆண்டு ஸ்பிரிங் சென்னைத் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 55. பலர் ஓய்வை நாடும் வயதில் அவர் தம் வாழ்வின் மிகப் பெரிய வேலையைத் தொடங்கினார்.

படகுத் தச்சர் பலகையைத் தட்டிப் பார்ப்பது போல அவர் துறைமுகத்தைப் பார்த்தார். கற்சுவர்கள் உறுதியானவை; அவை நிற்கட்டும். கெட்டது ஒன்றே ஒன்றுதான், வாயில்! கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கு மூலையில் புதிய வாயில் திறந்து, அதற்கு வெளியே பேரலையைத் தடுக்கும் காப்புச் சுவரையும் அமைத்தால், அலையும் நுழையாது. தெற்கிலிருந்து வரும் மணலும் எளிதில் அடையாது. முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. உள்ளதை வைத்துக் கொண்டு தவறியதை மட்டும் திருத்தினார். ஆற்றுக்கு வழிகாட்டும் கரை அமைத்த அதே அறிவு இங்கே கடலுக்கு வழிகாட்டியது.

அவர் காலத்தில் இத்திட்டம் நிறைவேறியது. கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்பதற்கான மேடைகளும், சரக்குக் கிடங்குகளும், இருப்புப் பாதை இணைப்பும் தொடர்ந்து எழுந்தன. 1911-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய செய்தியை நாம் அறிவோம். அப்போதும் துறைமுகத்தின் தலைவர் அவரே.

துறைமுகத்தின் தந்தை என்று சென்னை அவரைப் போற்றியது என்றால் அது மிகையாகாது.

சிறு பாய்மரப் படகுகள்

சர் பட்டம் பெற்ற அதே 1911-ஆம் ஆண்டில், தம் 62-ஆம் வயதில், ஸ்பிரிங் இன்னொரு செயலும் செய்தார். சென்னையில் பாய்மரப் படகோட்டும் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதுவே பின்னாளில் இராயல் மெட்ராஸ் யாட் சங்கமாகப் பெயர் பெற்றது. துறைமுகத்திற்குள் அச்சங்கம் அமைந்த படகுத்துறை ஸ்பிரிங்ஹேவன் என்று அவர் பெயரையே தாங்கியது.

கப்பல் துறைமுகம் கட்டிய பொறியாளருக்குச் சிறு படகுகளின் மேல் என்ன நாட்டம் என்று கேட்கலாம். இதற்குச் சிறிது அறிவியல் தேவை. டிங்கி என்று அழைக்கப்படும் சிறு பாய்ப்படகு 10 முதல் 15 அடி நீளமே உடையது. ஒருவரோ இருவரோ ஓட்டுவர். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கிச் செப்பு ஆணியால் பிணைத்துக் கட்டுவர். அதன் நடுவில் ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்கி வைப்பர். காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும். நீருக்குள் உள்ள பலகை படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும். நாம் வகுப்பில் படிக்கும் விசைகளின் இணைகர விதிப்படி, மீதமுள்ள விசை படகை முன்னே செலுத்துகிறது. இதனால் காற்று வீசும் திசையை நோக்கியே, நேராக அல்லாமல் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்து, முன்னேற முடிகிறது. நம் கட்டுமரக்காரர்களும் பாய் விரிக்கும்போது ஓரத்தில் ஒரு பலகையை நீரில் இறக்கும் வழக்கம் உடையவர்கள். பெயர் வேறு, விதி ஒன்றே.

ஆனால் நீருக்குள் பலகை இறக்கிய படகு அலை மடியும் இடத்தைக் கடக்க இயலாது. பலகை தரையைத் தட்டும். அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். ஆகவே பழைய சென்னைக் கடற்கரையில் டிங்கி ஓட்டுவது நடவாத காரியம். ஸ்பிரிங் அமைத்த அமைதி நீர் வந்த பின்னரே அது இயன்றது. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பலுக்காக அடக்கிய அலை, இருவர் தூக்கிச் செல்லும் படகுக்கும் பயன்பட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்பிரிங் பயின்ற டப்ளின் நகரத்தை ஒட்டிய விரிகுடாவில்தான், 1887-இல், தாமஸ் மிடில்டன் என்பவரின் முயற்சியால் ஒரு புதுமை பிறந்தது. அதுவரை படகுப் போட்டி என்றால் பணமுடையவர் பெரிய, விரைவான படகாகக் கட்டி வென்று விடுவார். மிடில்டனும் நண்பர்களும் எல்லாப் படகுகளும் ஒரே நீளம், ஒரே பாய், ஒரே அமைப்பு என்று விதி செய்தனர். இனி வெல்வது பணமன்று, ஓட்டுபவரின் திறமையே! வாட்டர் வாக் என்று பெயர் பெற்ற அவ்வகைப் படகுகள் இன்றும் அங்கே போட்டியில் ஓடுகின்றன. நூறாண்டு கடந்த மரப்படகுகளும் அவற்றுள் உள்ளன என்றால், ஒவ்வொரு தலைமுறையும் கெட்ட பலகையை மாற்றி மாற்றி அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது என்பதே பொருள்.

நம் நாட்டு வெயிலில் மரப்படகைக் காப்பது இன்னும் கடினம். வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும். நீரில் ஊறவிட்டால்தான் உப்பி மீண்டும் ஒட்டும். கடலில் கிடந்தாலோ மரத்தைத் துளைக்கும் புழு அரிக்கும். சுரண்டுதலும் தேய்த்தலும் வண்ணம் பூசுதலும் ஓய்வதில்லை. மரப்படகு வைத்திருப்பவர் ஒரு நாள் ஓட்டுவதற்குப் பல நாள் பழுது பார்க்க வேண்டும். பொறுமையைக் கற்பிக்க இதனினும் நல்ல பள்ளி இல்லை.

முப்பது ரூபாய் எழுத்தர்

இனி, நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகின்றேன்.

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், அவ்வூர் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர வேறு பாடங்களில் கருத்துச் செலுத்தாததால் உதவித் தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். பட்டம் இல்லை, வேலை இல்லை, மணமாகிவிட்டது, கையில் இருந்தவை சில குறிப்பேடுகள் மட்டுமே. கல்வித் துறையின் கணக்குப்படி அவர் கைவிடப்பட்ட படகு.

நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் போன்றோர் அவர் அருமையை உணர்ந்து உதவினர். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இராமானுசன் அமர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கே மேலாளராக இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். மாலை நேரங்களில் இராமானுசனோடு பலகையும் கையுமாக அமர்ந்து கணக்குப் போட்டவர். சரக்கு சுற்றி வந்த தாள்களிலும் இராமானுசன் கணக்கு எழுதினார் என்று சொல்வார்கள்.

அவ்வலுவலகத்தின் தலைவர் ஸ்பிரிங். தலைவருக்கும் கடைநிலை எழுத்தருக்கும் இடையே இருந்த தொலைவு, அந்நாளில் கரைக்கும் கப்பலுக்கும் இருந்த தொலைவைக் காட்டிலும் பெரிது. நாராயண ஐயர் அத்தொலைவைக் கடக்கும் மசூலாப் படகானார். அவர் வாயிலாக இராமானுசனின் ஆற்றலை ஸ்பிரிங் அறிந்தார்.

ஸ்பிரிங் கணித மேதையல்லர். இராமானுசனின் தேற்றங்கள் சரியா தவறா என்று தீர்ப்பளிக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. ஆனால் தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித்து, இராமானுசனின் தாள்களை இலண்டனில் இருந்த கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பி, அதுபற்றி 1912 நவம்பரில் ஸ்பிரிங்குக்கு எழுதினார். 1913 சனவரியில் இராமானுசன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் புகழ்பெற்ற கடிதத்தைத் துறைமுக அலுவலக எழுத்தராகவே எழுதினார். அடுத்த மாதம், வானிலை ஆய்வுத் துறைத் தலைவரும் கணித வல்லுநருமான கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்திற்கு வந்தபோது, அவர் பார்வைக்கு இராமானுசனின் எழுத்துகள் வைக்கப்பட்டன. வாக்கர் மறுநாளே பல்கலைக் கழகத்திற்கு எழுதினார். அதன் பயனாக 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித் தொகை இராமானுசனுக்குக் கிடைத்தது. எழுத்தர் வேலைக்கு விடுப்பு அளித்து அவரை அனுப்பியது துறைமுகம்.

1914-இன் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் வந்து இராமானுசனை இங்கிலாந்து செல்ல இசைய வைத்தார். பயணத்திற்குப் பணம் வேண்டுமே! பல்கலைக் கழகம் ஒதுக்க முன்வந்த தொகைக்கு அரசின் ஒப்புதல் தேவைப்பட்டபோது, கவர்னர் அலுவலகத்திற்கு எழுதிப் பரிந்துரைத்தவர் ஸ்பிரிங். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் இராமானுசன் சென்னையை விட்டுப் புறப்பட்டார். முன்னோர் காலத்து அலைக் கொந்தளிப்பில் தைத்த படகேறி அவர் செல்லவில்லை. தாம் வேலை பார்த்த அலுவலகம் அமைத்த அமைதி நீரிலிருந்தே சென்றார்.

அதன்பின் நடந்தவை உலகறிந்தவை. 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1919-இல் நோயுற்றுத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதிலேயே மறைந்தார். இராமானுசன் திரும்பி வந்த அதே 1919-ஆம் ஆண்டில், 70 வயது நிரம்பிய ஸ்பிரிங் துறைமுகத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்றார். 1933-இல், தம் 84-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

மறுபக்கமும் உண்டு

ஒருவர் வாழ்க்கையை எழுதும்போது நிறையை மட்டும் எழுதிக் குறையை மறைத்தல் அறிவியல் மாணவனுக்கு அழகன்று.

ஸ்பிரிங் கண்ட படகுச் சங்கம் அந்நாளில் பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகளும் வணிகர்களும் கூடிய இடமே. 30 ரூபாய் எழுத்தர் அங்கே பாய் விரித்திருக்க முடியாது. கப்பல்கள் கரையோடு ஒட்டி நின்றபின் மசூலாப் படகோட்டிகளின் பிழைப்புத் தேய்ந்தது. தைத்த படகுகளைச் செப்பனிட்டுக் காத்துவைக்க எந்தச் சங்கமும் எழவில்லை. அலையையே வென்ற அக்கலை ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

மணலின் கதை இன்னும் துயரமானது. கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தன. தெற்கே தங்கிய மணல் மெரினாக் கடற்கரையை அகலமாக்கியது. அங்கே நாம் காற்று வாங்குகிறோம். வடக்கேயோ வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையில் மீனவர் பலர் தம் வீடுகளைக் கடலுக்குப் பறிகொடுத்தனர். இக்கேடு ஸ்பிரிங்குக்கு முன்னரே, 1875-இல் தொடங்கிய சுவர்களோடு வந்தது. அவர் திருத்தியதும் அதை நிறுத்தவில்லை. ஓரிடத்தில் அமைதி நீர் அமைத்தால் இன்னோரிடம் அதற்கு விலை கொடுக்கிறது. 2009 முதல் நம் காரைக்காலிலும் துறைமுகம் இயங்கி வருகிறது. எனவே இப்பாடம் நமக்குத் தொலைவில் உள்ளதன்று. கடலில் கல் கொட்டும் முன் மணலின் போக்கைக் கணக்கிடும் பொறியாளர்கள் நம் கடற்கரைக் குடும்பங்களிலிருந்தே தோன்ற வேண்டும்.

எனினும் காலம் ஒரு கதவைத் திறந்தே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்போடு, 2021-இல் டோக்கியோவில் நடந்த போட்டியில் கலந்து கொண்டார். 2024-இல் பாரீசுக்கும் சென்றார். வெள்ளை அதிகாரிகள் பொழுது போக்கிய நீரில் தொடங்கிய ஒரு கலையில், தமிழ்ப்பெண் ஒருத்தி உலக அரங்குவரை பாய் விரித்தாள்.

நமக்கு உள்ள பாடம்

துறைமுகம், டிங்கி, இராமானுசன் ஆகிய மூன்றையும் இணைக்கும் நூல் எது என்று தொடக்கத்தில் கேட்டேன். அது படகுத் தச்சரின் கண். கெட்டது எது, நல்லது எது என்று பிரித்தறிந்து, நல்லதைக் காப்பாற்றும் கண். இருமுறை தவறிய துறைமுகத்தில் வாயில் ஒன்றே பிழை என்று ஸ்பிரிங் கண்டார். இருமுறை தேர்வில் தவறிய எழுத்தரிடம் உறுதியான மரம் இருக்கிறது என்று பிறர் சொன்னதைச் செவிமடுத்தார். செவிமடுத்ததோடு நில்லாமல் கடிதம் எழுதினார். பேரறிவு உடையவர் உலகில் பலர் தோன்றலாம். அவர்கள் பாய் விரிக்க அமைதி நீர் அமைத்துத் தருபவர் மிகச் சிலரே.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். எங்கள் வீடுகளில் பாடம் கேட்க ஆளில்லை. தவறினால் தேற்றவும் ஆளில்லை. ஒரு பருவத் தேர்வில் ஒரு தாளில் தவறிய நண்பர், அத்தோடு படிப்பை விட்டுவிட்டு மீன்பிடிக்கவோ வெளிநாட்டுக் கூலிக்கோ சென்றுவிடுவதைக் காண்கிறோம். ஒரு பலகை உளுத்ததற்காகப் படகையே விறகாக்குவது எவ்வளவு அறியாமையோ, அவ்வளவு அறியாமை இது.

ஆகவே மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள்: தவறிய மாணவனை ஒருமுறை தட்டிப் பார்த்து ஓசை கேளுங்கள். நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாராயண ஐயரைப் போல, உங்கள் அருகில் அமர்ந்திருப்பவரின் திறமையை உரியவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பதவி தேவையில்லை, மனம் போதும்.

அரசலாற்றங்கரையில் கவிழ்ந்து கிடக்கும் அந்த மரப்படகைச் சென்ற மாதம் ஒருநாள் மீண்டும் பார்த்தேன். இரண்டு பலகைகள் புதியவை. மற்றவை பழையவையே. எண்ணெய் பூசி வெயிலில் காய்ந்து கொண்டிருந்தது. வாடைக்காற்று அடங்கியதும் கடலுக்குப் போகும் என்றார் அருகிலிருந்த பெரியவர்.

நாமும் போவோம், நண்பர்களே!